ஞானத்துக்காக ஜெபித்தும் பதில் வரவில்லையே, நான் கேட்கும் விதம் தவறா?

வேலையை விடலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக ஜெபிக்கிறீர்கள், ஒரு தெளிவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது.

அப்பா தவறியபின் வீட்டை விற்க வேண்டும் என்றான் தம்பி. அம்மா அங்கேதான் இருக்கிறார், விற்கக் கூடாது என்றேன் நான். எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. தினமும் காலையில் முழங்காலில் நின்று "ஆண்டவரே, ஞானம் தாரும்" என்று கேட்டேன். உண்மையில் அவனை எப்படி மடக்குவது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கே வெகுநாள் தெரியவில்லை.

அந்த நாட்களில் 1 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். கிபியோன் என்ற ஊரில் சாலொமோன் ராஜா தேவனிடம் கேட்டதை நம் வேதாகமம் "ஞானமுள்ள இருதயம்" என்கிறது. எபிரெய மூலத்தில் அது 'லேவ் ஷோமேயா', அதாவது கேட்கிற இருதயம். அதே அதிகாரத்தில்தான் ஒரு குழந்தைக்காக வழக்காடும் இரண்டு பெண்களின் கதை வருகிறது. குழந்தையை இரண்டாகப் பிளக்க ராஜா பட்டயத்தை, அதாவது வாளைக் கொண்டுவரச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். இவள் இப்படிச் சொல்லுகிறாள், அவள் அப்படிச் சொல்லுகிறாள் என்று இருவர் பேச்சையும் ராஜா அப்படியே திருப்பிச் சொல்கிறான். அதன்பிறகுதான் பட்டயம்.

தம்பி சொன்னதை என்னால் அப்படித் திருப்பிச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய், குறுக்கே பேசாமல் உட்கார்ந்தேன். வெளியே சொல்லாத கடன் அவனுக்கு இருந்தது. வீட்டை விற்கவில்லை. மாடியை வாடகைக்கு விட்டோம், அந்தப் பணம் மாதாமாதம் அவனுக்குப் போகிறது. யோசனை சொன்னது அம்மாதான்!

அப்புறம், ஒரு மாதமாக ஒன்றையே கேட்பதால் தேவன் சலித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் 1:5 அவரை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறது. எனக்கு அந்த வசனத்தில் மிகவும் பிடித்த வார்த்தை அதுதான். அதற்குச் சற்று முன்னால் பலவிதமான சோதனைகளைப் பற்றித்தான் யாக்கோபு பேசுகிறார். அதாவது, நெருக்கடியில் இருக்கிறவர்களுக்கே அதை எழுதினார். சந்தேகப்படாமல் கேட்க வேண்டும் என்று அடுத்த வசனம் சொல்வதும் உண்மை. ஆனால் வேலையை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் குழம்புவது அவிசுவாசம் ஆகாது. குழப்பம் இல்லாதவன் ஞானத்தை எதற்குக் கேட்கப்போகிறான்?

வந்த எண்ணம் தேவனிடமிருந்து வந்ததா என்று பார்க்க, நான் யாக்கோபு 3:17-ஐ வைத்துக்கொள்கிறேன். பரத்திலிருந்து வருகிற ஞானம் சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்கிறது அது. தம்பியை மடக்க நான் போட்ட திட்டம் எதிலும் இந்த மூன்றும் இல்லை.

வேலை விஷயத்தில் உங்கள் வீட்டில் யார் சொல்வதை இன்னும் முழுசாகக் கேட்கவில்லை? முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அன்று இரவு மறுபடி ஜெபியுங்கள். நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.