சக்திக்கும் கணக்கு வேண்டும்

கேள்வி: அறிவியல் புனைவு வீடியோ கேம்களில் ஒருவர் கையை நீட்டியதும் எதிரி அந்தரத்தில் மிதக்கிறான். காரணம் கேட்டால், ‘வேற்றுக்கிரகவாசிகளின் தொழில்நுட்பம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மந்திரத்துக்கு வேறு பெயர் சூட்டியதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

பதில்: பல விளையாட்டுகளைப் பொறுத்தவரை உங்கள் குறை நியாயமானதே. ‘நம்மைவிட முன்னேறியவர்கள் செய்தது’ என்னும் வரி, ஒரு சக்தி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறதே தவிர, அது எப்படி இயங்குகிறது என்று சொல்வதில்லை. அந்தச் சக்தியால் எதைச் செய்ய முடியாது, அதற்கு உடல் என்ன விலை கொடுக்கிறது என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அதை விளக்கம் என்று நான் ஏற்பேன்.

2007இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட்’ அப்படிச் சொல்கிறது. ‘எலிமென்ட் ஜீரோ’ என்ற கற்பனைப் பொருளின் வழியே மின்னோட்டம் பாய்ந்தால், அருகிலுள்ள பொருள்களின் நிறை கூடும் அல்லது குறையும் என்ற ஒரே கற்பனையை நாம் ஒப்புக்கொண்டால் போதும். விண்கலம் ஒளியை விஞ்சிப் பறப்பதற்கும் மனிதன் எதிரியைத் தூக்குவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. கருவிலேயே அப்பொருளின் தாக்கத்துக்கு உள்ளான சிலருக்கு நரம்பு மண்டலத்தில் அதன் முடிச்சுகள் தோன்றுகின்றன. பின்னாளில் பொருத்தப்படும் ஒரு கருவியின் துணையோடு, நரம்புகளின் மின்துடிப்பால் அவற்றை இயக்கப் பழகுகிறார்கள். பழைய வகைக் கருவியைச் சுமக்கும் கைடன் என்ற பாத்திரம் கடும் ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுகிறது. சாதாரணப் போர்வீரனுக்கு நாளொன்றுக்கு 3,000 கலோரி உணவு என்றால், இச்சக்தி உடையவருக்கு 4,500 கலோரி.

இந்த உணவுக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதைச் சரிபார்க்க முடியும். 80 கிலோ எடையுள்ள ஆளை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 784 ஜூல் ஆற்றல் தேவை. ஓய்வில் இருக்கும் மனித உடல் நொடிக்குச் சுமார் 100 ஜூல் செலவிடுகிறது என்பதால், இது எட்டு நொடிச் செலவுதான். உணவுக் கணக்கில் சொல்லும் ஒரு கலோரியில் (கிலோகலோரியில்) ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே ஆற்றலின் அளவில் சிக்கல் இல்லை. அவ்வளவையும் தொடாமலே இன்னொரு உடலிடம் சேர்ப்பதுதான் நம் உடலுக்கு எட்டாதது; அந்த இடத்தில்தான் கற்பனைப் பொருள் வந்து நிற்கிறது.

2017இல் வந்த ‘பிரே’ விலையை வேறு விதமாக வசூலிக்கிறது. அதில் டைஃபான் என்னும் வேற்றுலக உயிர்களைக் கருவியால் உற்று ஆராய்ந்து, அவற்றின் திறன்களைக் கண் வழியே ஊசியால் மூளையில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு காப்பிக் கோப்பையாக உருமாறி, மனித உடல் நுழைய முடியாத இடுக்கு வழியே உருண்டு, பூட்டிய அறைக்குள் புகலாம். ஆனால் இத்திறன்களை மிகுதியாக ஏற்றிக்கொண்டவரை, அதுவரை காத்துவந்த தானியங்கித் துப்பாக்கிகள் வேற்றுயிர் என்று கணித்துச் சுடத் தொடங்கும். மனிதத்தன்மையை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதை ஒரு பக்க வசனம்கூட இவ்வளவு தெளிவாக நமக்கு உறைக்கச் செய்திருக்காது.

கேள்வி: எல்லாவற்றையும் இப்படி விளக்கிவிட்டால் வியப்பு போய்விடாதா?

பதில்: போகாது என்றே நம்புகிறேன், சில கதைகளில் விளக்கம் வரும்போதுதான் நெஞ்சு அதிர்கிறது. ‘ஹேலோ’ வரிசையில் கவனன்ட் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் கூட்டணி, பழைய ஃபோர்ரன்னர் இனம் விட்டுச்சென்ற மாபெரும் வளையங்களைத் தெய்வீகமானவை என்று தொழுகிறது. அவற்றை இயக்கினால் முக்திப் பயணம் வாய்க்கும் என்று நம்புகிறது. உண்மையில் அவை, ஃபிளட் என்ற ஒட்டுண்ணிக்கு இரையே இல்லாமல் செய்வதற்காக, அறிவுள்ள உயிர்கள் அனைத்தையும் அழிக்கும் ஆயுதங்கள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில், அந்த மதத்துக்காகப் போரிட்ட ஆர்பிட்டர், வளையத்தைக் காக்கும் இயந்திரத்திடமே, இவற்றைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறான். வேறு வழியின்றி அவர்களே வளையங்களை இயக்கினார்கள் என்றும், திட்டமிட்டபடியே இறந்தார்கள் என்றும் அது பதில் சொல்கிறது.