காற்றாடி சுற்றுகிறது, தொட்டி நிறையவில்லையே?

கேள்வி: கிணற்றடியில் பதினெட்டு இறக்கை கொண்ட காற்றாடி பம்பு வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் ஒரே நாளில் நிறைந்த தொட்டி இப்போது பாதிகூட நிறைவதில்லை. மாடுகளுக்கே தண்ணீர் போதவில்லை. மூன்று இறக்கையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றினால் வேகமாகச் சுற்றும், மின்சாரக் காற்றாலைகள் அப்படித்தான் இருக்கின்றன என்கிறார் விற்பனையாளர். செய்யலாமா? கிணற்றைச் சுற்றி நட்ட மரங்கள் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கின்றன.

பதில்: ஒரு இறக்கையைக்கூடக் கழற்றாதீர்கள். நின்ற நிலையிலிருந்து தண்ணீரை மேலே இழுக்க பிஸ்டனுக்கு வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். மெல்லிய காற்றிலும் அந்த இழுவையைத் தருவது நெருக்கமான இறக்கைகள். ஜெனரேட்டருக்கு வேகம் வேண்டும், அதனால் அங்கே மூன்று போதும். டென்மார்க்கில் 1891-ல் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பால் லா கூர், குறைந்த இறக்கைகளை வேகமாகச் சுற்றவிடுவதே அதற்கு ஏற்றது என்று கண்டார். தண்ணீர் இறைக்கும் சக்கரத்துக்கு அமெரிக்காவில் தாமஸ் பெர்ரி 1880-களில் 5,000-க்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, வளைந்த இரும்பு இறக்கைகளுக்கு வந்து சேர்ந்தார். உங்கள் சக்கரம் அந்த வழியில் வந்ததுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் யோசனை சொல்பவரிடம் நான் ஒரு போல்ட்கூட வாங்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பத்து வருடத்தில் மரங்கள் வளர்ந்தன, சக்கரத்தைத் தாங்கும் கோபுரம் வளரவில்லை. மரங்கள் காற்றைத் தடுக்கின்றன. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் காற்றில், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 130 வாட் சக்தி இருக்கும். அதுவே 3 மீட்டரானால் 16 வாட்தான். இதில் ஒரு பகுதியைத்தான் எந்தச் சக்கரமும் எடுக்க முடியும். 59 சதவீதத்துக்கு மேல் யாராலும் முடியாது என்று ஜெர்மனியின் இயற்பியலாளர் பெட்ஸ் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். அப்புறம் இறக்கையை மாற்றி என்ன ஆகப்போகிறது? புது சக்கரம் வாங்கப் பணம் இருந்தால் அதையும் கோபுரத்தில் போடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விடச் சக்கரம் 9 மீட்டராவது உயரமாக நிற்க வேண்டும். மரம் இன்னும் வளரும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மரங்களை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய கால்களின் மேலேயே நீட்டிவிடாதீர்கள். உயரம் கூடக் கூட, புயலில் அடித்தளத்தின் மேல் விழும் கவிழ்ப்பு விசையும் கூடும். கணக்குத் தெரிந்த பொறியாளர் பார்க்கட்டும்.

அதற்கு முன் இரண்டு வேலை. பட்டத்தின் நூலில் இடைவெளி விட்டு ரிப்பன்களைக் கட்டிப் பறக்கவிடுங்கள். ரிப்பன் துடித்துச் சுருளும் உயரம் வரை காற்று கலங்கியிருக்கிறது, நேராக நீளும் உயரமே சக்கரத்துக்கான இடம். சரி, பம்பைக் கழற்றி பிஸ்டன் வாஷரையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் இழுத்த தண்ணீரில் பாதி கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.