மூன்று யூனிட் நிர்வாகப் பாடம் சைட் சூப்பர்வைசர் பெர்மிட்டுக்குப் போதாது

கலிபோர்னியாவில் குழந்தைகள் காப்பகத்தின் டைரக்டராக உரிமத்துறை உங்களை ஏற்றுக்கொண்டும், சைட் சூப்பர்வைசர் பெர்மிட் (காப்பக மையத்தை நடத்துபவருக்கு ஆசிரியர் சான்று ஆணையம் தரும் அனுமதி) விண்ணப்பம் ஏன் திரும்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு விதி. டைரக்டராக இருக்க டைட்டில் 22 (மாநில உரிம விதிகள்) கேட்பது 3 யூனிட் (கல்லூரிப் பாட அலகு) நிர்வாகப் பாடம்தான். சைட் சூப்பர்வைசர் பெர்மிட்டுக்கு நிர்வாகத்தில் 6 யூனிட் வேண்டும். அதற்கு மேல் பெரியவர்களை (குழந்தைகளை அல்ல, உடன் வேலை செய்பவர்களை) மேற்பார்வையிடுவது பற்றிய பாடம் தனியாக 2 யூனிட்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நிர்வாகம் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ்களில் இது பெரும்பாலும் இரண்டு பாகமாக, தலா 3 யூனிட்டாக இருக்கும். முதல் பாகம் முடித்ததுமே "டைரக்டர் ஆகலாம்" என்று சொல்லி அனுப்புவது அரைகுறை ஆலோசனை. மேற்பார்வைப் பாடத்தையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியலை) எடுத்து இவற்றைப் பாருங்கள்:

1. யூனிட் செமஸ்டரா, குவார்ட்டரா? டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்றவை குவார்ட்டர் முறை. அங்கே 3 என்றால் செமஸ்டர் கணக்கில் 2தான்.
2. ஒவ்வொரு பாடத்திலும் சி கிரேடாவது இருக்கிறதா? சி மைனஸ் ஆகாது.
3. மேற்பார்வைப் பாடத்தை நிர்வாக 6 யூனிட்டுக்குள் சேர்த்து எண்ணிவிட்டீர்களா?

அனுபவக் கடிதத்தில் நாள் கணக்கு தெளிவாக இருக்கட்டும்: நான்கு ஆண்டுக்குள் 350 நாள், நாளுக்கு மூன்று மணி நேரமாவது. அதில் 100 நாள் பெரியவர்களை மேற்பார்த்ததாக இருக்க வேண்டும். "இரண்டு வருடம் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதினால் மறுபடி திரும்பும்.

ஒன்று: உங்கள் மையம் அரசு மானியம் வாங்காத தனியார் மையமானால் இந்தப் பெர்மிட்டே கட்டாயமில்லை. மீதிப் பாடங்களுக்குப் பணம் கட்டிச் சேருமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.