காய்ச்சலும் ரத்தப் பரிசோதனையும்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். முதல் லேப்பில் சிஆர்பி 4.8, மறுநாள் வேறு லேப்பில் 48. ஒரே நாளில் பத்து மடங்கு ஏறுமா டாக்டர்? (அம்மாப்பேட்டை வாசகி)

பதில்: ஏறியிருக்காது என்றே நினைக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு இருக்கும், பாருங்கள். ஒரு லேப் டெசிலிட்டருக்கு இத்தனை மி.கி. என்று எழுதும், இன்னொன்று லிட்டருக்கு. ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். அப்படியானால் இரண்டும் ஒரே அளவுதான். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும், கல்லீரலில் உருவாகும் புரதம். வைரஸ் காய்ச்சலிலும் ஓரளவு ஏறும். 48-ஐ மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. கணவருக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. வைடால் (டைஃபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்று டைஃபாய்டு ஊசி போட்டும் குறையவில்லை. நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது.

பதில்: அம்மா, உங்களுக்குப் போனில் சொன்னதையே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவது என்று வந்துவிட்டால் எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்காமல் மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். செப்சிஸாக, அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலையாக இருக்கலாம். அதை ஒற்றை எண்ணில் உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை.

வைடாலை மட்டும் நான் நம்புவதில்லை. எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருள் மிச்சமிருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். புதருக்குள் வேலை செய்பவர் என்றால் என் மனம் முதலில் புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்குத்தான் போகும். அதிலும் சிஆர்பி, புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் இன்னொரு பொருள்) இரண்டும் ஏறும். எந்தக் கிருமி என்று மட்டும் சொல்லாது. தோலைத் தேட வேண்டும். பூச்சி கடித்த இடத்தில் பீடி சுட்டது போல, வலியில்லாத கருப்புப் பொருக்கு. அக்குளில், தொடையிடுக்கில் ஒளிந்திருக்கும். ஒருமுறை ஒரு பாட்டியம்மாவின் பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தோம். முடிச்சுக்கு நேர் கீழே இருந்தது. அன்றே டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம். வழக்கமான டைஃபாய்டு ஊசி இதற்குக் கேட்காது.

கேள்வி: அப்பாவுக்குச் சேர்த்த அன்று புரோகால்சிடோனின் 6, ஆறாம் நாள் 0.4. ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்கிறார்கள். சரியா? (சூரமங்கலம்)

பதில்: ஆள் தெளிந்து, காய்ச்சலும் விட்டிருந்தால் சரிதான். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். இந்தப் பரிசோதனையின் பெரிய பயனே அதுதான். மருந்தைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க இதை நம்ப வேண்டாம் என்று 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்கிறது.

கேள்வி: கல்ச்சருக்கு ஏன் இரண்டு கையிலும் அவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள்? (ஓமலூர்)

பதில்: கல்ச்சர் என்றால் ரத்தத்தில் உள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்ப்பது. ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும். ஒரு கையில் மட்டும் வளர்ந்தால், அது தோலிலிருந்து ஒட்டி வந்த கிருமியோ என்று சந்தேகிக்கலாம். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் எடுத்துவிட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.