கடலோர வீட்டில் ஹாம் ஆன்டெனா: எந்த இன்சுலேட்டர் கட்டுவது?

கேள்வி: நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் என் வீடு. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ நிலையம்) நடத்த ஜெனரல் கிரேடு உரிமம் இப்போதுதான் கைக்கு வந்தது. 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் ஒயர் ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். ஒரு முனை மொட்டைமாடியில் நட்ட ஜி.ஐ. பைப்பில், மறுமுனை தென்னை மரத்தில். இரண்டு பக்கமும் இரண்டு அங்குல நீளத்தில் பி.வி.சி. பைப் துண்டு, அதிலிருந்து கட்டுக்கம்பி. பகலில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் பவரைக் காட்டும் அளவு, 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது) 1.3 காட்டுகிறது. விடியற்காலையில் 2-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் ஸ்டே கம்பிக்குப் போடும் பீங்கான் முட்டையை எடுத்துக் கொடுக்கிறார். வெளிநாட்டு செராமிக் இல்லாவிட்டால் பயனில்லை என்கிறார் நண்பர். எதை வாங்குவது? இப்போது 100 வாட். பிறகு 400 வாட் வரை போகும் எண்ணம் உண்டு.

பதில்: முதலில் அந்தக் கட்டுக்கம்பியை அவிழ்த்துவிட்டு அங்கே கயிறு கட்டுங்கள். இன்சுலேட்டர் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். இப்போது உங்கள் ஆன்டெனாவின் முனைக்கும் ஜி.ஐ. பைப்புக்கும் நடுவில் இருக்கும் காப்பு மொத்தமே இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலம் நனைந்தால் முனை நேராகப் பைப்போடு பேச ஆரம்பித்துவிடும். கம்பிக்குப் பதில் இரண்டு மீட்டர் கயிறு இருந்தால் அந்தக் கயிறும் சேர்ந்து காப்பு ஆகிறது. எந்தக் கயிறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முனையில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு உங்கள் டைபோல் சுமார் 20 மீட்டர் நீளம் இருக்கும். நடுவில் கரண்ட் அதிகம், வோல்டேஜ் குறைவு. 73 ஓமில் 100 வாட் என்றால் நடுவில் 85 வோல்ட்தான். முனைகளில் நிலைமை தலைகீழ். அங்கே இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சில ஆயிரம் ஓம் இருக்கும் என்பதால் அதே 100 வாட்டுக்கு 500, 600 வோல்ட் வரை எழும்பும். 400 வாட் போட்டால் பவர் நான்கு மடங்கு, வோல்டேஜ் இரண்டு மடங்கு. ஆயிரத்தைத் தாண்டும். அதன் உச்சம் 1,700 வோல்ட் பக்கம் வரலாம்.

கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிப் பொறி பாயவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆகவே காய்ந்த நிலையில் உங்கள் இரண்டு அங்குல பி.வி.சி. துண்டு 400 வாட்டுக்கும் தாராளம். பகலில் 1.3 காட்டுவது அதனால்தான். இன்சுலேட்டர் எத்தனை கிலோவோல்ட் தாங்கும் என்று கடையில் கேட்பது நம் மாதிரி ஆட்களுக்கு அநேகமாகத் தேவையில்லாத கேள்வி. நனைந்தபோது அதன் மேல்பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம்.

கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் படிய வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும். மழை நின்ற பிறகு, தை தொடங்கிக் கோடை முடியும் வரை, படிந்தது படிந்தபடியே கிடக்கும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனி அதன் மேல் இறங்கி உப்பைக் கரைக்கும்போதுதான் இன்சுலேட்டரைச் சுற்றி மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. நல்ல மழையில் ஒழுங்காக வேலை செய்யும் ஆன்டெனா வெறும் பனியில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். படலத்தின் வழியே கசியும் கரண்ட் பரப்பைச் சூடாக்கும். சில இடங்கள் காய்ந்து நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் சின்னச் சின்னப் பொறி ஓடும். பி.வி.சி., பேக்கலைட் போன்றவற்றில் அந்தப் பொறி கரிக்கோடு போட்டுவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதற்குப் பிறகு வெயில் அடித்தாலும் அந்தத் துண்டு தேறாது. பீங்கானும் கண்ணாடியும் இப்படிக் கரியாவதில்லை. கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியிருக்கும் ஒரு காலையில் ரிக்கை (ரேடியோவை) அணைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் இறக்கி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பி.வி.சி. துண்டுகளை உள்ளும் புறமும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். 1.3-க்குத் திரும்பினால் குற்றவாளி இன்சுலேட்டர்தான். திரும்பாவிட்டால் கோஆக்ஸ் (ரேடியோவிலிருந்து வரும் கேபிள்) ஆன்டெனாவில் சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் அளவு தானாக இறங்கினால் அது பரப்பு ஈரம். கேபிளுக்குள் புகுந்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் காயாது. பி.வி.சி. உறை போட்ட ஒயரில் பனி படிந்தாலும் ரெசொனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அலைவெண்) கொஞ்சம் கீழே நகரும். அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருக்கும் அலைவெண் மாறுமே தவிர, அந்தக் குறைந்த அளவு பெரிதாக மாறாது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இனி பீங்கான் முட்டைக்கு வருவோம். மின்வாரியக் கம்பத்தின் ஸ்டே கம்பியில் தொங்கும் அதே சாமான்தான். பீங்கான் நசுக்கும் அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுத்தால் உடைந்துவிடும். அதனால்தான் அந்த முட்டையில் இரண்டு துளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கக் கம்பி தனக்குத் தூரத்தில் இருக்கும் துளையில் நுழைந்து, முட்டையின் பள்ளத்தில் படிந்து திரும்பி வர வேண்டும். மறுபக்கமும் அப்படியே. இப்படிக் கோத்தால் இரண்டு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும், நடுவில் பீங்கான் நசுங்கி நிற்கும். முட்டையே உடைந்தாலும் ஆன்டெனா தரையில் விழாது. பக்கத்தில் இருக்கும் துளையில் கோத்து இழுத்தவர்கள் நிறையப் பேர். அது பீங்கானைப் பிளக்கிற வழி.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே பரப்பின் வழியாக ஊர வேண்டிய தூரம் குறைவு. மழை கழுவ முடியாத பள்ளங்களில் உப்பு தங்கும். இரண்டு பக்கமும் கம்பி கட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கபாசிட்டரும் உண்டாகும். ஒரு பக்கம் கயிறு என்றால் அந்தக் கவலை இல்லை. வாங்குவதென்றால் எல்.டி. (குறைந்த அழுத்த) லைனுக்குப் போடும் சிறிய முட்டையைக் கேளுங்கள். எச்.டி. (உயர் அழுத்த) லைனுக்கான பெரிய முட்டையின் கனம் ஆன்டெனாவைத் தொய்ய வைக்குமே ஒழிய, உங்களுக்கு வேறு லாபம் தராது. கடலோரத்தில் ஒன்றுக்கு இரண்டாக, நடுவில் ஒரு அடி கயிறு விட்டு வரிசையாகப் போடுவது நல்லது. உடைந்த விளிம்பும் மெருகு போன இடமும் உள்ளதைத் திருப்பிக் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுப் பேனா மை வைத்துத் துடைத்துப் பாருங்கள். கறை உள்ளே இறங்கினால் அது தண்ணீரையும் குடிக்கும்.

நண்பர் சொல்லும் நீளமான, வளைய வளையமான வரி போட்ட செராமிக் நல்ல பொருள்தான். அந்த வரிகள் பரப்புத் தூரத்தைக் கூட்டுகின்றன. ஆனால் அது இழுவிசையில் தொங்குகிறது. மாடித் தரையில் ஒருமுறை தவறி விழுந்தால் கதை முடிந்தது. கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் இடத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது, ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு இறக்குகிற கறுப்பு எச்.டி.பி.இ. (அடர்த்தியான பாலிஎத்திலீன்) பைப். மோட்டார் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். தடிமனான சுவர் உள்ளதாகப் பார்த்து, நீளவாக்கில் அறுத்து, 20 சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டையாக எடுங்கள். இதன் மேல் மெழுகு தடவியது போலத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், படலமாகப் பரவாது. கறுப்புக்குக் காரணம் உள்ளே கலந்திருக்கும் கார்பன் தூள். அது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். வெயிலைத் தடுக்கப் போதும், மின்சாரம் கடத்தப் போதாது. பைப்பை முழு உருளையாகவே பயன்படுத்த வேண்டாம். உட்பக்கத்தை மழை கழுவாது. உப்பும் சிலந்தி வலையும் அங்கேதான் சேரும். உங்கள் பி.வி.சி. துண்டிலும் இதே சிக்கல் இருக்கிறது.

துளைகளை ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது உள்ளே தள்ளிப் போட்டு, விளிம்பைக் கத்தியால் மழுக்கிவிடுங்கள். எச்.டி.பி.இ. நாள்பட்ட இழுவையில் மெல்ல இளகும் பொருள். மெல்லிய கம்பியை நேராக மாட்டினால் மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே போகும். துளையில் ஒரு சின்னத் திம்பிள் (கம்பி வளைவைத் தாங்கும் உலோக வளையம்) வைத்து, அதன் மேல் ஒயரை வளைத்துக் கட்டுங்கள்.

சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகையையும் சிலர் அறுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான், ஆனால் வெயிலுக்கான காப்பு அதில் இருக்காது. நம் ஊர் வெயிலில் வெடித்துப் போகும். நைலான் தண்ணீரை உறிஞ்சும், வேண்டாம். அக்ரிலிக் உடையும். டெஃப்லான் அருமையாக இருக்கும், விலைதான் இடிக்கிறது.

அறுப்பதற்கும் துளைப்பதற்கும் நேரம் இல்லை என்றால், விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் சோலார் வேலிக்கான இன்சுலேட்டர் கேளுங்கள். சில ஆயிரம் வோல்ட் துடிப்பையும் திறந்தவெளி வெயிலையும் தாங்குவதற்கென்றே செய்தவை, கனமும் இல்லை. கம்பத்தில் அறையும் கொக்கி மாதிரி வேண்டாம். மூலைக் கம்பத்தில் கம்பியை இழுத்துக் கட்டப் பயன்படும் மாதிரியாகப் பாருங்கள்.

கயிறுக்கு நீங்கள் அலையவே வேண்டாம், நாகையில் படகுச் சாமான் கடைகள் இருக்கின்றன. கேட்க வேண்டியது பாலியெஸ்டர் கயிறு, கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பிளாஸ்டிக் கயிற்றையும் நைலான் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு துண்டை நறுக்கி, நன்றாக நனைத்துக் காற்றுக்குமிழைப் பிழிந்துவிட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். சாதாரண நீலக் கயிறும் மஞ்சள் கயிறும் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். மூழ்கினால் பாலியெஸ்டர் அல்லது நைலான். இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்வது நைலான். தேங்காய்நார்க் கயிறும் பருத்திக் கயிறும் உப்புத் தண்ணீரை ஊறவைத்துக்கொள்ளும், அவை கூடவே கூடாது. தென்னை மரப் பக்கமும் இரண்டு மீட்டர் கயிறு விடுங்கள். நனைந்த மட்டை முனையில் உரசினால் எந்த இன்சுலேட்டர் போட்டும் பயனில்லை.

இழுவிசையை வைத்துத்தான் இன்சுலேட்டரின் பலத்தை முடிவு செய்ய வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயர் 20 மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிராம். நடுவில் அரை மீட்டர் தொய்வு விட்டால் ஒயருக்காக முனையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இழுவை வரும். நடுவில் ஆர்.ஜி.-213 என்ற தடித்த கோஆக்ஸ் கேபிள் 10 மீட்டர் தொங்கினால் அதுவே ஒன்றரை கிலோ. அதற்காக மட்டும் இன்னும் 15 கிலோ இழுவை கூடும்! மெல்லிய ஆர்.ஜி.-58 என்றால் நான்கு கிலோவோடு போகும். தொய்வை ஒரு மீட்டராக விட்டால் எல்லாம் பாதியாகும். ஆகவே விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். தென்னை காற்றில் ஆடும் மரம். அந்தப் பக்கம் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய கேன் ஒன்றைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், ஒயர் அறாது. புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை அவிழ்த்து எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட இதே ஏற்பாடு உதவும். 2018 நவம்பரில் கஜா உங்கள் பக்கத்துத் தென்னைகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடு இன்சுலேட்டருக்கு பி.வி.சி. துண்டே போதும். 85 வோல்ட்டும், 400 வாட்டில் அதன் இரு மடங்கும் அதற்கு ஒரு பொருட்டல்ல. அங்கே வேலை வேறு: கேபிளின் கனம் சால்டரிங் மேல் விழாமல் பட்டையில் கட்டி நிறுத்துவது, கேபிள் வாயில் தண்ணீர் புகாமல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுவது. பின்னால் இதே டைபோலை ஓப்பன் ஒயர் ஃபீடரில் (கோஆக்ஸுக்குப் பதில் இணையாக ஓடும் இரண்டு ஒயர்) 14 மெகாஹெர்ட்ஸுக்கும் ஓட்ட நினைத்தால் மட்டும் நடுவையும் முனை மாதிரியே நடத்துங்கள். அந்தப் பேண்டில் நடுவிலும் வோல்டேஜ் ஏறும்.

கோடையில் மாதம் ஒருமுறை முனைகளை இறக்கி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மின்காப்புக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூசினால் கழுவும் வேலை குறையும். கடலோர மின்பாதைகளிலும் துணைமின் நிலையங்களிலும் இன்சுலேட்டர்களுக்குச் செய்யும் வைத்தியம்தான் இது. கிரீஸ் தூசியைப் பிடிக்கும் என்பதால், புழுதி பறக்கும் சாலை ஓரம் என்றால் தவிர்த்துவிடுங்கள். பூசினால் ஒவ்வொரு கோடைக்கும் பழையதைத் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

மொட்டைமாடி என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஜி.ஐ. பைப் பக்கத்து முனை, மாடித் தரையிலிருந்து கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில், மூன்று மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். துணி காயப்போட வருபவரோ குழந்தையோ, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அதைத் தொட்டால் தோல் வெந்துவிடும். ஒயர் எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் மின்வாரிய லைனைத் தொடாத இடமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

400 வாட் வந்த பிறகு, நிலவில்லாத, பனி இறங்கிய ஒரு விடியலில் வீட்டில் ஒருவரைக் கீ (ரேடியோவை அனுப்ப வைக்கும் பொத்தான்) அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் தள்ளி நின்று இரண்டு முனைகளையும் பாருங்கள். நீலமாக ஏதாவது மினுங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அரை நிமிடம் தொடர்ந்து அழுத்தி எஸ்.டபிள்யூ.ஆர். முள்ளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது மெல்ல ஏறினால் ஏதோ ஒன்று சூடாகிறது. ரிக்கை அணைத்து, முனைகளை இறக்கித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும் துண்டை மாற்றுங்கள்.