பழைய டிரைவ்-இன், சிற்றூர் தியேட்டர்களின் வரலாற்றை எப்படித் தேடுவது?

டிரைவ்-இன் என்பது காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி தியேட்டர். முதலாவதை ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கேம்டன் அருகே திறந்தார்.

மூடிப் பல ஆண்டுகள் ஆனாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம் மண்தான். முன்சக்கரங்கள் சற்று உயர்ந்து நின்றால்தான் பின்வரிசைக் காருக்கும் திரை தெரியும். அதற்காக அரைவட்ட வரிசைகளாக மேடு கட்டினார்கள். ஈரத் தம்ளரை எடுத்த பிறகும் மேசையில் வளையம் நிற்குமே, அப்படித் திரை போன பிறகும் அந்த வரிசைகள் பல இடங்களில் தெரியும். அதனால் பழைய வான்வழிப் படங்களில் ஆரம்பிப்பதே நல்லது.

அப்புறம் உள்ளூர் நாளிதழின் சினிமா விளம்பரங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் திறந்த தேதி பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அக்டோபரோடு விளம்பரம் நின்றால் உடனே 'மூடப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். குளிர் மாநிலங்களில் அது வெறும் பருவ விடுமுறையாக இருக்கலாம்.

ஊருக்குள் இருந்த சின்ன தியேட்டர்களுக்கு சான்போர்ன் வரைபடங்கள் உதவும்; இவை அமெரிக்க ஊர்களின் கட்டடங்களைத் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்து காட்டியவை. கட்டடம் எதனால் ஆனது என்பதுகூட அதில் இருக்கும். முதலாளி மாறினால் பெயரும் மாறும் என்பதால் பெயரைவிட முகவரியைத் துரத்துங்கள்.

டிவி வந்ததுமே டிரைவ்-இன்கள் அழிந்தன என்பது தவறு: 1950களின் பிற்பகுதியில், டிவி பெரும்பாலான அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட காலத்தில்தான், அவை சுமார் 4,000 என்ற உச்சத்தில் இருந்தன.