நுகர்வோர் கேள்வி – பதில்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். பொள்ளாச்சிக் கடை ஒன்றிலிருந்து செயலி வழியாக வரவழைத்த பால் பாக்கெட்டில் 30 ரூபாய் என்று அச்சிட்டிருக்க, ரசீதில் 34 ரூபாய் போட்டிருக்கிறார்கள். டெலிவரி கட்டணம் தனி. கடை தமிழ்நாட்டில் இருப்பதால் நான் எங்கே முறையிடுவது?

பதில்: பாலக்காட்டிலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளை விற்றவர் எங்கிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர அனுமதிக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

பாக்கெட்டில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்பதால், 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அதற்கு மேல் விற்பது குற்றம். முன்கூட்டியே தெரிவித்து வாங்கும் டெலிவரி கட்டணம் வேறு. பொருளின் விலையையே ஏற்றிவிட்டு அதையும் வாங்குவது, என் பார்வையில், இரட்டை வசூல்.

ஆனாலும் நாலு ரூபாய்க்காக நேரே ஆணையத்தின் படியேற வேண்டியதில்லை. பாக்கெட்டின் விலை தெரியும்படி எடுத்த படத்தையும் ரசீதையும் இணைத்து, முதலில் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். உறையை மட்டும் அதுவரை எறிந்துவிடாதீர்கள்.